பழைய மெஷின், புது இயங்குதளம், பேசாத கீபோர்டு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இருபது இருபத்தைந்து வயதான கணினிகளில் இன்றைய லினக்ஸையோ பி.எஸ்.டி.யையோ ஏற்றி ஓட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் இதைத் தொடங்குகிறேன். ரேம் போதவில்லை, கிராபிக்ஸ் டிரைவர் கிடைக்கவில்லை என்பதைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. கீபோர்டு தகராறுகள்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. கீபோர்டு படுத்துவிட்டால் மற்ற எதையுமே சரிசெய்ய வழியில்லை. நன்றாக ஓடக்கூடிய மெஷினை இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய இரும்புக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

நான் எப்போதும் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: அமுக்கிய விசை எந்த இடம் வரைக்கும் போய்ச் சேருகிறது? மின்சாரம் போட்டதும் நம் லாக் (எண் விசைகளுக்கான Num Lock), கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் விளக்குகள் ஒரு தடவை மின்னி அணைகின்றனவா? பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) செட்டப்புக்குள் போக முடிகிறதா? எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனுவில் அம்புக்குறி விசை நகர்த்துகிறதா? எழுத்துத் திரையில் தட்டினால் எழுத்து வருகிறதா? இதில் எந்தப் படியில் விசை தொலைகிறதோ அங்கேதான் கோளாறு, அதற்கு மேலே உள்ள எதையும் நோண்ட வேண்டாம். விளக்கே மின்னவில்லை என்றால் இயங்குதளத்தை எத்தனை தரம் மாற்றிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. பழைய கீபோர்டின் வட்டப் பிளக் செருகும் பி.எஸ்/2 போர்ட்டுக்கு 5 வோல்ட் தரும் பாதையில் பல மதர்போர்டுகளில் ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டைப் பிடுங்கிச் செருகினால் அது போய்விடலாம். மல்டிமீட்டரை எடுத்து அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்கு அதிகமாக வாய்த்த கேஸ் இதுதான்: பயாஸில் வேலை செய்கிறது, கிரப்பிலும் வேலை செய்கிறது, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏறியதும் கீபோர்டு செத்துப்போகிறது. ஒரு பழைய மடிக்கணினியில் அப்படியே. வேறு கணினியிலிருந்து நெட்வொர்க்கில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் டிமெசேஜ் (கெர்னலின் செய்திப் பதிவு) பார்த்தால், கீபோர்டு கன்ட்ரோலரில் நான்கு மல்டிப்ளெக்ஸ் போர்ட் இருப்பதாக கெர்னல் நம்பிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்ததோ ஒரு கீபோர்டும் ஒரு டச்பேடும் மட்டும். 8042 வகைக் கீபோர்டு கன்ட்ரோலர்களுக்கு ஆக்டிவ் மல்டிப்ளெக்ஸிங் என்று, ஒரே கன்ட்ரோலரில் பல சாதனங்களை இணைக்கும் ஒரு வசதி உண்டு. சில பழைய மெஷின்களின் ஃபர்ம்வேர் அது இருப்பதுபோல் பதில் சொல்லிவிட்டு அப்புறம் ஒழுங்காக நடந்துகொள்ளாது. கெர்னல் ஏறும்போது அதற்குக் கொடுக்கும் பூட் வரியில் ஐ8042.நோமக்ஸ் என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன், உடனே உயிர் வந்தது. அதற்கும் மசியவில்லை என்றால் ஐ8042.ரீசெட் போட்டுப் பார்க்கலாம், கன்ட்ரோலரைத் தொடக்கத்தில் ஒரு தரம் உலுக்கி எழுப்பிவிடும். பி.எஸ்/2 கன்ட்ரோலரே காணவில்லை என்று டிமெசேஜ் சொன்னால், பயாஸின் பட்டியலில் கீபோர்டு போர்ட் எழுதப்படவில்லை என்று அர்த்தம், அங்கே ஐ8042.நோபிஎன்பி உதவும். மூன்றையும் ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள், எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று: கெர்னல் ஏறும்போது கேப்ஸ் லாக்கும் ஸ்க்ரோல் லாக்கும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தால் அது கீபோர்டு பிரச்சினையே கிடையாது. கெர்னல் பானிக் ஆகிவிட்டது (மீள முடியாத பிழையில் நின்றுவிட்டது), அதைச் சொல்லத்தான் அந்த விளக்குகளை மின்ன வைக்கிறது. சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

*

நண்பரே, நல்ல இழை. என்னுடையது சின்ன விஷயம், ஆனால் ரொம்பப் பேரைச் சுற்றலில் விட்டது.

எண் விசைகளுக்கென்று தனிப் பகுதி இல்லாத பழைய மடிக்கணினி. இன்ஸ்டால் எல்லாம் சுத்தமாக முடிந்தது, லாகின் திரை வந்தது, கடவுச்சொல் தவறு என்றது. மறுபடியும் தவறு. கடவுச்சொல் புள்ளிகளாகத்தானே தெரியும், என்ன விழுகிறது என்று பார்க்க முடியாதல்லவா? பயனர் பெயர்ப் பெட்டியில் அதையே தட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஜே, கே, எல் அமுக்கினால் 1, 2, 3 வருகிறது. யூ, ஐ, ஓ அமுக்கினால் 4, 5, 6. லாகின் திரையைக் காட்டும் நிரல் தானாகவே நம் லாக்கைப் போட்டுவிட்டிருந்தது. மேசைக் கணினியில் அது வசதி, இந்த மாதிரி மடிக்கணினியிலோ கீபோர்டின் வலது பாதி முழுக்க எண்களாக மாறிவிடும். எஃப்என் விசையோடு நம் லாக்கை அமுக்கி அணைத்தேன், உள்ளே போனதும் லாகின் நிரலின் அமைப்பில் நம் லாக் தானாக ஏறுவதை நிறுத்திவிட்டேன். பாதி எழுத்து சரியாகவும் பாதி எண்ணாகவும் வந்தால் வேறு எங்கேயும் தேட வேண்டாம்.

*

நான் மேசைக் கணினிக்காரன். கீபோர்டும் பழசுதான் வேண்டும், 1985-இல் வந்த ஐபிஎம் மாடல் எம்-ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த விசை இறங்கும்போது விரலுக்குக் கிடைக்கும் தெளிவு இப்போதைய எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் பிளக் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது.

ஐந்து முனை டின் பிளக்கைப் பார்த்ததும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 1981 பிசியோடு வந்த எக்ஸ்டி வகைக் கீபோர்டுக்கும் 1984-இல் வந்த ஏடி வகைக் கீபோர்டுக்கும் பிளக் ஒரே மாதிரிதான், பேச்சு வேறு. எக்ஸ்டி கீபோர்டு சொல்லும், கேட்காது. அதன் ஸ்கேன் கோடும் (ஒவ்வொரு விசைக்கும் கீபோர்டு அனுப்பும் எண்) வேறு தொகுதி. ஏடி கீபோர்டுக்குக் கணினி திருப்பிக் கட்டளை அனுப்ப முடியும், விளக்கை ஏற்றச் சொல்வதெல்லாம் அந்த வழியாகத்தான். எக்ஸ்டி கீபோர்டை ஏடி மெஷினில் செருகினால் பிளக் அழகாகப் பொருந்தும், ஒன்றும் வராது. நகல் கீபோர்டுகள் சிலவற்றில் அடியில் எக்ஸ், ஏ என்று எழுதிய ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், கீபோர்டைக் கவிழ்த்துப் பாருங்கள். ஏடி-யிலிருந்து பி.எஸ்/2-க்குப் போவது சுலபம், இரண்டும் ஒரே பேச்சு என்பதால் வெறும் கம்பி அடாப்டர் போதும்.

யூஎஸ்பி-க்குப் போகும்போதுதான் வம்பு. ஒரு முனையில் பி.எஸ்/2, மறுமுனையில் யூஎஸ்பி என்று வரும் ஊதா நிற அடாப்டரில் உள்ளே சிப் எதுவும் கிடையாது, கம்பி மட்டும். இரண்டு மொழியும் தெரிந்த கீபோர்டுக்குத்தான் அது உதவும், மாடல் எம்-க்கு அது தெரியாது. இப்போது வரும் யூஎஸ்பி கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு பி.எஸ்/2 தெரியாது, அதனால் எதிர்த் திசையிலும் அதே ஏமாற்றம். சிப் வைத்த கன்வர்ட்டர்தான் வேண்டும். மலிவாகக் கிடைத்த ஒன்று என் மாடல் எம்-ஐ எழுப்பவே இல்லை, விளக்கு லேசாக மினுக்கிவிட்டு அடங்கிவிட்டது. கடைசியில் டீன்சி 2.0 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் சோரர் கன்வர்ட்டர் ஃபர்ம்வேரை ஏற்றினேன். மூன்று ஸ்கேன் கோட் தொகுதியும் அதற்குத் தெரியும், எக்ஸ்டி கீபோர்டைக்கூட அடையாளம் கண்டுகொள்கிறது. இன்றைக்குத் தொடங்குகிறவர்கள் க்யூஎம்கே என்ற கீபோர்டு ஃபர்ம்வேரிலும் அதே வேலையைச் செய்யலாம். கொஞ்சம் சாலிடரிங் வரும், அவ்வளவுதான்.

அப்புறம் 101 விசைக் கீபோர்டில் விண்டோஸ் விசை கிடையாது. க்னோம் டெஸ்க்டாப்பில் தமிழுக்கு மாற சூப்பரும் (விண்டோஸ் விசைக்கு லினக்ஸில் அதுதான் பெயர்) ஸ்பேஸும் சேர்த்து அமுக்கச் சொல்கிறது, சூப்பருக்கு எங்கே போவது? லினக்ஸின் கீபோர்டு அமைப்பான எக்ஸ்கேபி விருப்பங்களில் கேப்ஸ்:சூப்பர் என்று ஒன்று உண்டு, கேப்ஸ் லாக்கை சூப்பராக்கிவிடும். தமிழ்99-இல் அடிப்பவர்களுக்குக் கேப்ஸ் லாக் தேவையே படாது என்பதால் எனக்கு இது இரட்டிப்பு லாபம். விண்டோஸ் என்றால் ரெஜிஸ்ட்ரியில் ஸ்கேன்கோட் மேப் என்ற மதிப்பை எழுதி இதையே செய்யலாம்.

*

மேலே சொன்ன படிகளில் ஒரு படியைச் சேர்க்கிறேன். கிரப்புக்கும் முழு இயங்குதளத்துக்கும் நடுவில் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறது, வட்டைத் திறக்க வேண்டிய டிரைவர்களோடு முதலில் ஏறும் ஒரு குட்டித் தொகுப்பு. வட்டை என்கிரிப்ட் செய்திருந்தால் கடவுச்சொல் அங்கேதான் கேட்கும்.

புது மெஷினில் யூஎஸ்பி கீபோர்டோடு இன்ஸ்டால் செய்து, வட்டைக் கழற்றிப் பழைய மெஷினில் மாட்டினேன் (பழையதில் இன்ஸ்டால் செய்தால் விடிந்துவிடும் என்பதால் பலரும் இப்படித்தான் செய்கிறோம்). கிரப்பில் கீபோர்டு ஓடியது, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் கல்லாக நின்றது. காரணம் எளிது: அந்த இனிட்ராம்எஃப்எஸ் புது மெஷினில் என்னென்ன இருந்ததோ அதற்கு வேண்டிய டிரைவரை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தது. ஏடி கீபோர்டு டிரைவர் அதில் இல்லை. ஆர்ச் லினக்ஸில் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பின் ஹுக் பட்டியலில், கீபோர்டு ஹுக்கை ஆட்டோடிடெக்ட்டுக்கு (இருக்கும் வன்பொருளுக்கு மட்டும் டிரைவர் வைப்பது) முன்னால் வைத்தால் எல்லாக் கீபோர்டு டிரைவரும் உள்ளே வரும். டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் மாட்யூல்ஸ் என்பதை டெப் என்றில்லாமல் மோஸ்ட் என்று வைக்க வேண்டும். வட்டை மாற்றுவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூட்டிய பெட்டிக்குள் சாவி மாதிரி ஆகிவிடும்.

கிரப்பில் யூஎஸ்பி கீபோர்டு வேலை செய்யாமல் லினக்ஸ் ஏறியபின் வேலை செய்தால் அது வேறு. பயாஸில் லெகசி யூஎஸ்பி சப்போர்ட் அணைந்திருக்கும். அதை ஏற்றிவிட்டால் பயாஸே யூஎஸ்பி கீபோர்டை பி.எஸ்/2 போல நடித்துக் காட்டும், கெர்னல் தன் டிரைவரை எடுத்துக்கொள்ளும் வரை.

*

சன் மைக்ரோசிஸ்டம்ஸின் பழைய பணிநிலையம் வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா? சீரியல் வழியாகப் பேசும் பழைய சன் கீபோர்டுகளை ஓடும்போது பிடுங்காதீர்கள். பிடுங்கினால் மெஷின் பிரேக் சிக்னல் என்று எடுத்துக்கொண்டு ஃபர்ம்வேரின் ஓகே ப்ராம்ப்டில் போய் நின்றுவிடும், ஹேங் ஆனது போலத் தெரியும். பதறி பவர் பட்டனை அமுக்க வேண்டாம். கீபோர்டைத் திரும்பச் செருகி, கோ என்று அடித்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

*

அண்ணா, இழையைத் தொடங்கியவருக்கு ஒரு கேள்வி. என் பழைய மடிக்கணினியில் எஃப்என் சேர்த்து வெளிச்சத்தைக் கூட்டினால் அது நிற்காமல் கூடிக்கொண்டே போகிறது, வேறு ஏதாவது விசையை அமுக்கும் வரை. கீபோர்டே பழுதா?

*

பழுதில்லை தம்பி, கீபோர்டை மாற்றிவிடாதே. விசைச் செய்திகளைத் திரையில் காட்டும் ஈவிடெஸ்ட் நிரலை ஓட்டி அந்த விசையை ஒரே ஒரு தரம் தட்டிப் பார். சாதாரண விசை என்றால் அமுக்கும்போது மதிப்பு 1, விடும்போது 0 என்று வரும். உன்னுடையதில் 1 வந்து, பிறகு 2, 2, 2 என்று ஓடிக்கொண்டே இருக்கும், 0 வரவே வராது. சில பழைய மடிக்கணினிகளில் எஃப்என் சேர்க்கைகளுக்கு அமுக்கிய செய்தியை மட்டும் அனுப்புவார்கள், விட்ட செய்தி வராது. அதனால் நீ இன்னும் அமுக்கிக்கொண்டே இருப்பதாக கெர்னல் நினைக்கிறது.

அதே ஈவிடெஸ்ட்டில் எம்எஸ்சி ஸ்கேன் என்ற வரியில் ஒரு எண் தெரியும், குறித்துக்கொள். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்-இன் ஹெச்டபிள்யூடிபி (வன்பொருள் விவரத் தொகுப்பு) அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, உன் மடிக்கணினி மாடலுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி முதல் வரி எழுதி, அடுத்த வரியில் அந்த எண்ணுக்கு எதிரே விசையின் பெயரை எழுது, பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடு. விட்ட செய்தியை நீயே உருவாக்கிக்கொள் என்று கெர்னலுக்குச் சொல்வது அந்தக் குறிதான். பிறகு சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட், யூடெவ்ஏடிஎம் ட்ரிக்கர் இரண்டையும் ஓட்டு. ஒரு வேளை டிமெசேஜில் தெரியாத விசை அமுக்கப்பட்டது, செட்கீகோட்ஸ் பயன்படுத்து என்று ஏதாவது செய்தி வந்தால் அதுவும் இதே கோப்பில் தீரும், தனியாக செட்கீகோட்ஸ் ஓட்டத் தேவையில்லை. கோப்பின் முதல் வரியில் மாடல் பெயர் பொருந்தவில்லை என்றால் ஒன்றும் நடக்காது, அப்படி ஆனால் வரியை அப்படியே இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.