புதுப்பிப்பு: அம்மாவின் செக்ரோல் கிடைத்துவிட்டது

அம்மாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, அவர் தானாகவே விட்டார் என்று சொல்லும் இலங்கையின் அட்டன் பக்கத் தோட்ட நிர்வாகம், செக்ரோலை (யார் எந்த நாள் வேலைக்கு வந்தார் என்று குறிக்கும் பதிவேடு) தர மறுப்பதாக முன்பு இங்கே எழுதியிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

"எல்லா ஆவணமும் வேண்டும்" என்ற எங்கள் முதல் மனுவை, வேலைநீக்க வழக்கை விசாரிக்கும் தொழில் நியாய சபை ஏற்கவில்லை. அப்புறம் இங்கே ஒரு அண்ணன் சொன்னபடி, மாதத்தைக் குறிப்பிட்டு 14 மாதச் செக்ரோலும் சம்பளத் துண்டும் கேட்டோம். உத்தரவு கிடைத்தது.

எதிர்பாராதது: 3 மாதப் புத்தகம் மழையில் நனைந்துவிட்டது என்றார்கள். ஊழியர் சேமலாப நிதிக் கூற்று கைகொடுத்தது. தொழிலாளியின் 8%, நிர்வாகத்தின் 12% அந்த மாதங்களிலும் விழுந்திருக்கின்றன.

கிடைத்த பக்கங்களில் அம்மாவின் பெயருக்கு நேரே பென்சிலால் அரைப் பேர், அரைப் பேர் (அரை நாள் வேலை என்ற குறிப்பு). "முழு நாளும் மலையில நின்னேனே" என்று விரலால் தடவிப் பார்த்தார். வேலைக்குப் போனதற்கு அதுவே சாட்சி.

தேடி வருபவர்களுக்கு: வேலைநீக்கத்திலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் வழக்கு மனுப் போட்டுவிடுங்கள்.