விளைநிலத்தில் உயர்மின் கோபுரம்: உரிமையாளரின் சம்மதம் வேண்டுமா, வேண்டாமா?

பல்லடத்தான்:
எங்கள் பக்கம் இன்னொரு உயர்மின் பாதைக்கு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பட்டா என் பேரில் இருக்கிறது, தீர்வை நான்தான் கட்டுகிறேன். ஆனால் கோபுரம் எங்கே நிற்கும் என்பது முடிவான பிறகுதான் எனக்குத் தகவல் வருகிறது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 164 வழியாக 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை, அதாவது அடுத்தவர் நிலத்தில் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் அதிகாரத்தை, இந்த நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். "நிலத்தை எடுக்கவில்லை, பயன்பாட்டு உரிமை மட்டும்தான்" என்கிறார்கள். 765 கிலோவோல்ட் பாதை என்றால் 60 மீட்டருக்கு மேல் அகலம். அதற்குள் தென்னை வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியை உள்ளே விடவே பயம். அந்தத் தோட்டத்தை விற்கப் போனால் பாதி விலைக்குக்கூட ஆள் வருவதில்லை. சம்மதம் கேட்காமல் இதைச் செய்வது நியாயமா?

மின்பாதை:
அண்ணா, உங்கள் இழப்பு உண்மை. ஆனால் சம்மதம் கட்டாயம் என்று வைத்தால் எந்தப் பாதையும் முடியாது. 2012ஐ நினைத்துப் பாருங்கள். கோவை, திருப்பூர் பட்டறைகள் மின்சாரம் இல்லாமல் மணிக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. வேண்டிய அளவு மின்சாரத்தை வடக்கிலிருந்து கொண்டுவர அப்போது பாதை போதவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை இணைந்த பிறகுதான் தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒன்றானது. அப்புறம் வந்தது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கத்துப் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை. 6,000 மெகாவாட் கொண்டுவரக் கட்டியது, நீளம் 1,700 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஒரே ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும் என்றால் அதை எப்படிக் கட்டுவது?

பல்லடத்தான்:
பாதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. அதே புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட் பாதை, கேரளத்துக்குள் ஒரு பகுதி சாலையோரமாக மண்ணுக்கடியில் போகிறது. எங்களுக்குக் கோபுரம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? 2018 கடைசியில் கொங்குப் பகுதி முழுக்க விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்து கேட்டதும் இதைத்தான்.

மின்பாதை:
அது நேர்மின்சாரம், அழுத்தமும் குறைவு. மாறுமின்சாரத்தை 400, 765 கிலோவோல்ட்டில் நீண்ட தூரம் புதைத்தால் கேபிளைச் சார்ஜ் செய்வதற்கே பெரும் மின்னோட்டம் போய்விடும். செலவும் பல மடங்கு. அதைக் கடைசியில் எல்லோருடைய மின்கட்டணத்திலும்தான் ஏற்றுவார்கள்.

தாரா (கிருஷ்ணகிரி):
புதைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாய் முழுக்க மண்ணுக்கடியில்தான். கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013இல் மாநில அரசே சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் மாநில அரசு தோற்றது. அங்கே செல்லுபடியாவது 1962ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டம். குழாய் போகும் பட்டையில் மரம் நடக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, கட்டடம் கூடாது. இதற்குச் சட்டம் தரும் விலை நிலமதிப்பில் 10 சதவீதம். பயிர், மரச் சேதத்துக்குத் தனி இழப்பீடு உண்டு, ஆனால் ஒரு முறைதான். மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு அந்தப் பட்டையில் இனி மாமரமே கிடையாது என்றால் 10 சதவீதம் எந்தக் கணக்கு? 2014 ஜூனில் ஆந்திராவில் 'நகரம்' என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேர் போலச் செத்தார்கள். பயப்படுகிறவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று பேசாதீர்கள்.

கருப்புக்கோட்டு:
சட்டம் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்கிறேன். பிரிவு 164 அதிகாரம் பெற்ற நிறுவனத்துக்கு உரிமையாளரின் முன்சம்மதம் தேவையில்லை. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்தும், மின்பாதைக்கு மட்டும் அந்தப் பழைய விதிகளைத் தொடரவிட்டிருக்கிறார்கள். ஆனால் கையைக் கட்டி நிற்க வேண்டியதில்லை. நீங்கள் தடுத்தால், கலெக்டர் உத்தரவு வாங்கித்தான் அவர்கள் உள்ளே வர வேண்டும். கலெக்டர் முன்னால் உங்கள் பேச்சை எழுத்தில் கொடுங்கள், மாற்றுப் பாதையைப் புல எண்ணோடு காட்டுங்கள். சேதம் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், முழு இழப்பீடு தர வேண்டும் என்று அதே 1885 சட்டத்தின் பிரிவு 10 சொல்கிறது. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். மரங்களை எண்ணிப் படம் எடுத்து வைக்காமல் சேதத்தைப் பதியும் மகஜரில் கையெழுத்துப் போடாதீர்கள். எரிவாயுக் குழாய் என்றால் அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபனை கொடுத்தாக வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

மின்பாதை:
இழப்பீடும் கூடியிருக்கிறதே. 2015 வழிகாட்டுதலில் கோபுர அடிமனைக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே 15 வரை. 2024 ஜூனில் அதையே 200, 30 என்று உயர்த்தினார்கள்.

பல்லடத்தான்:
அது மத்திய அரசின் வழிகாட்டுதல். மாநிலம் ஏற்று ஆணை போட வேண்டும். போட்டாலும், மதிப்பு என்பது பத்திர ஆபீசின் வழிகாட்டி மதிப்பா, சந்தை விலையா என்ற சண்டை ஓயாது. டவுனில் மொட்டைமாடியில் செல்போன் கோபுரம் வைத்தால் மாதா மாதம் வாடகை வருகிறது. அதுவும் ஒப்பந்தம் போட்டு, சம்மதம் வாங்கி. என் தோட்டத்துக் கோபுரம் என் பேரன் காலத்திலும் நிற்கும். எனக்கு மட்டும் ஏன் ஒரே தடவை? ஆண்டு வாடகை கொடுங்கள், எதிர்ப்பில் பாதி அடங்கிவிடும்.

மின்பாதை:
வாடகையை நான் எதிர்க்கவில்லை. சம்மதம் இல்லாவிட்டால் பாதையே கிடையாது என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

தாரா (கிருஷ்ணகிரி):
அப்படியென்றால் அளவெடுக்கும் முன்பே கிராமசபையில் வரைபடத்தை விரித்து வையுங்கள். இரண்டு மூன்று வழிகளைக் காட்டி, எதில் கிணறும் தோப்பும் குறைவாக அடிபடும் என்று எங்களைக் கேளுங்கள். மறுக்கும் உரிமை இல்லாவிட்டாலும் அதைச் சொல்லும் உரிமையாவது இருக்கட்டும்.