ஜோத்பூர் வீடு: வாரம் தவறாமல் கழுவியும் சோலார் பேனலில் வெள்ளைப் படலம், யூனிட் குறைகிறது. உதவி தேவை

மாடிவெயில்:
ஜோத்பூரில் இருக்கிறோம். பி.எம். சூர்ய கர் மானியத்தில் மொட்டை மாடியில் 3 கிலோவாட் போட்டிருக்கிறோம், ஆறு பேனல். மார்ச்சில் நல்ல வெயில் நாளில் 14 யூனிட்டுக்குக் குறையாமல் வந்தது. இப்போது மே, வெயில் கொளுத்துகிறது, ஆனால் 11-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

வாரா வாரம் ஓர் ஆள் வந்து, காலை பதினொரு மணி வாக்கில் போர் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சிக் கழுவிவிட்டுப் போகிறார். காய்ந்ததும் கண்ணாடி மேல் வெள்ளையாக ஒரு படலம். விரலை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. எல்லாப் பேனலிலும் கீழ் விளிம்பை ஒட்டி விரல் அகலத்துக்கு மண் பட்டையாக இறுகிக் கிடக்கிறது. இன்வெர்ட்டரில் எர்ரர் எதுவும் இல்லை. போட்டுக் கொடுத்தவர்கள் போனை எடுப்பதே இல்லை.

பேனல் கெட்டுவிட்டதா? ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர் தினமும் வீணாகிறது, அதில் கழுவலாமா?

பலோடிக்காரன்:
பேனல் கெடவில்லை சார், பயப்படாதீர்கள். இந்தப் பக்கம் சோலார் பிளாண்டில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்வது தூசி இல்லை, உப்பு. மேற்கு ராஜஸ்தானில் போர் தண்ணீர் பல இடங்களில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) ஆயிரத்துக்கு மேல். பதினொரு மணிக்குக் கண்ணாடி சுட்டுக்கொண்டிருக்கும். ஊற்றிய தண்ணீர் வழிவதற்குள் ஆவியாகி, சுண்ணாம்பு மட்டும் தங்கிவிடும். வாரா வாரம் ஒரு பூச்சு ஏறிக்கொண்டே போகும்.

ஆர்.ஓ. கழிவு வேண்டவே வேண்டாம். தண்ணீரில் இருக்கும் உப்பை ஒதுக்கித் தள்ளுகிற பக்கம் அது, போர் தண்ணீரைவிட மோசம். குடிக்கிற பக்கத்துத் தண்ணீர் இரண்டு பக்கெட் இருந்தால் ஆறு பேனலுக்குத் தாராளம். வீட்டில் டாங்கா (மழைநீர்த் தொட்டி) இருந்தால் அதில் தேங்கிய மழைநீர் இன்னும் நல்லது.

சூரியன் ஏறுவதற்குள் வேலையை முடியுங்கள். வெயிலில் 65 டிகிரி சுடும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. முதலில் மிருதுவான நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தூசியை அழுத்தாமல் கீழ்நோக்கித் தள்ளிவிடுங்கள், அப்புறம் ஈர மாப், கடைசியில் ரப்பர் வைப்பர். காய்ந்த மணல் மேல் துணியை வைத்து அழுத்தித் தேய்ப்பதுதான் பெரிய கேடு. தார் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினம். மேலே இருக்கும் எதிரொளி தடுப்புப் பூச்சு கீறிவிட்டால் திரும்ப வராது.

வெயில்_கணக்கு:
ஒரு விஷயம். மார்ச்சை மே மாதத்தோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். பேனலின் வாட்டேஜ், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. 70 டிகிரிக்குப் போனால், டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் வீதம், 15 சதவீதம் போல அங்கேயே போய்விடும். ஆந்தி (புழுதிப் புயல்) அடித்த மறுநாளும் வானம் மங்கலாகத்தான் இருக்கும். பகல் நீளம் என்பதால் கொஞ்சம் ஈடாகும், ஆனால் முழுக் குறைவையும் அழுக்கின் தலையில் போட முடியாது.

கழுவுவதற்கு முந்தைய நாளும் மறுநாளும் வானம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, நடுப்பகல் ஒரே நேரத்தில் ஆப்பில் எத்தனை கிலோவாட் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். உண்மை தெரிந்துவிடும்.

கூரைமேல்:
பாத்ரூம் ஆசிட் கொஞ்சம் கலந்து அடித்தால் உடனே போய்விடும்.

பலோடிக்காரன்:
தயவுசெய்து ஆசிட் பக்கமே போகாதீர்கள். அலுமினிய பிரேமை அரித்துவிடும், வாரன்டியும் போய்விடும். சோப்புத் தூளும் வேண்டாம், பிசுக்கு தங்கி அடுத்த தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு ஆர்.ஓ. தண்ணீர். முதலில் ஒரு மூலையில் பாருங்கள். ஈரத் துணியைச் சில நிமிஷம் போட்டு ஊறவிட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

தண்ணீரைத் தொடுவதற்கு முன் இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கர், பிறகு டிசி ஐசொலேட்டர் (பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), இரண்டையும் அணையுங்கள். அணைத்தாலும் வெளிச்சம் இருக்கும்வரை பேனல் பக்க வயரில் 300 வோல்ட் வரை இருக்கும். கனெக்டர் எங்கேயாவது விரிந்தோ கருகியோ இருந்தால் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். பேனல் மேல் காலும் வைக்கக் கூடாது, செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

மாடிவெயில்:
ரொம்ப நன்றி. வினிகருக்குப் படலம் நன்றாகவே கரைந்தது. நடுப்பகலில் 1.9 கிலோவாட் ஓடிய இடத்தில் இப்போது 2.3 காட்டுகிறது, இரண்டு நாளும் தெளிந்த வானம்தான். கழுவ வருகிறவரிடமும் இனி விடிகாலையில், போர் தண்ணீர் இல்லாமல் என்று சொல்லிவிட்டேன். கீழ் விளிம்புப் பட்டை மட்டும் மறுபடி சேருகிறது. விரல் அகலம்தானே, விட்டுவிடலாமா?

பலோடிக்காரன்:
விடாதீர்கள் சார். செல்கள் தொடராகக் கோர்த்தவை. கீழ் வரிசை மறைந்தால் அந்தத் தொடர் முழுவதன் கரண்டும் இறங்கும். சாய்வு குறைவாக இருப்பதால் பிரேம் விளிம்பில் தண்ணீர் தேங்கிச் சேறாகிறது. அந்த விளிம்பில் மாட்ட, தேங்கும் நீரை வெளியே வடிய விடும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள் கிடைக்கின்றன. வாங்கும்போது உங்கள் பிரேம் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், 30-ஆ 35-ஆ என்று அளந்துகொண்டு போங்கள்.