பி0171 குறியீடு: ஆக்சிஜன் சென்சாரை மாற்றிய பிறகும் எஞ்சின் விளக்கு எரிகிறது

கேள்வி

வணக்கம். ஒன்பது வருடம் ஓடிய 1.5 லிட்டர் பெட்ரோல் கார். எஞ்சின் விளக்கு எரிந்தது. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து பி0171 என்றார்கள். கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அதற்குப் பொருளாம். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். பதினோரு நாள் கழித்து அதே விளக்கு, அதே குறியீடு. இப்போது காற்றளவு சென்சாரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வயதான அம்மாவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போக இந்தக் காரைத்தான் நம்பியிருக்கிறேன். ஊகத்தில் இன்னொரு பாகத்தை வாங்க மனமில்லை.

காரின் கணினியில் உள்ள அளவுகளைக் கைபேசியில் காட்டும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்றை வாங்கி நானே அளவுகளை எடுத்தேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கார் நின்ற நிலையில் எடுத்தவை இவை.

ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்), 780 ஆர்பிஎம்: ஷார்ட் டெர்ம் டிரிம் (பெட்ரோல் அளவில் கணினி செய்யும் உடனடித் திருத்தம், சதவீதத்தில்) +6, லாங் டெர்ம் டிரிம் (அது மெல்லக் கற்றுக்கொண்ட திருத்தம்) +17, காற்றளவு நொடிக்கு 1.9 கிராம், கூலன்ட் 91 டிகிரி. முன் ஆக்சிஜன் சென்சார் 0.1 முதல் 0.8 வோல்ட் வரை விடாமல் ஏறி இறங்குகிறது.

2500 ஆர்பிஎம்மில்: ஷார்ட் +1, லாங் +5, காற்றளவு நொடிக்கு 7.3 கிராம்.

ஐடிலில் எஞ்சின் இலேசாக அதிர்கிறது. ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. இந்த எண்களிலிருந்து ஏதாவது புரிகிறதா?

முதல் மறுமொழி

நண்பரே, காற்றளவு சென்சாரின் கம்பியில் தூசி படிந்தால் உள்ளே வரும் காற்றை அது குறைத்துக் காட்டும். கணினியும் பெட்ரோலைக் குறைத்துவிடும். எனக்கு இதே குறியீடு வந்தபோது, அந்தச் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவியதும் சரியாகிவிட்டது. முதலில் அதைச் செய்து பாருங்கள். கம்பியை விரலாலோ துணியாலோ தொட்டுவிடாதீர்கள், அறுந்துவிடும்.

இரண்டாம் மறுமொழி

கழுவுவதால் கெடுதல் இல்லை. ஆனால் இந்த எண்கள் வேறொரு இடத்தைக் காட்டுகின்றன என்று நினைக்கிறேன். சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

டிரிம் என்பது கணினி தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைச் சொல்லும் சதவீதம். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஐடிலில் 23, 2500 ஆர்பிஎம்மில் 6. இந்த வித்தியாசத்தில்தான் விடை இருக்கிறது. அழுக்கான காற்றளவு சென்சாரோ, அழுத்தம் குறைந்த பெட்ரோல் பம்போ காரணமாக இருந்தால், எஞ்சினுக்கு வேலை கூடக் கூட டிரிம்மும் பெரும்பாலும் கூடும். உங்களுடையது குறைகிறது.

சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ ஓர் ஓட்டை வழியாகக் காற்று புகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.9 கிராமில் 23 சதவீதம் ஏறத்தாழ 0.44 கிராம். அதே 0.44 கிராம் 7.3 கிராமில் 6 சதவீதம். ஓட்டை ஒன்றே, அதில் புகும் காற்றும் ஏறத்தாழ ஒன்றே. எஞ்சின் குறைவாக மூச்சு வாங்கும்போது அது பெரும் பங்காகிறது, அதிகமாக வாங்கும்போது சிறு பங்காகிவிடுகிறது. இவ்வளவு கச்சிதமாக எண்கள் பொருந்துவது அரிது.

முன் ஆக்சிஜன் சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தை. புதியது 0.1 முதல் 0.8 வரை ஏறி இறங்குவது, அது உயிரோடு இருப்பதைக் காட்டுகிறது. மாற்றும் முன்பும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதையாகிவிட்டது. அது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. பி0171 ஒரு விளைவின் பெயர், ஒரு பாகத்தின் பெயர் அல்ல. ஸ்கேனர் அதைக் காட்டியவுடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் பழக்கம் ஒழிய வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. குறியீட்டை இப்போது அழிக்காதீர்கள். குறியீடு பதிவான கணத்து அளவுகளைக் கணினி சேமித்து வைத்திருக்கும். அழித்தால் அவையும் போய்விடும். செயலியில் அதைத் திறந்து, அப்போது வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன என்று பாருங்கள். பிறகு காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கைபிரேக் இழுத்து, ஐடிலில் விடுங்கள். மூடிய இடத்தில் வேண்டாம், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் பகுதி) சேரும் ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக, பற்கள் இல்லாத இடுக்கியால் துணி சுற்றி மெல்ல நசுக்கிப் பிடித்து, ஷார்ட் டெர்ம் டிரிம்மைக் கவனியுங்கள். லாங் உடனே அசையாது, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கையும் சட்டையும் பெல்ட்டுக்கு அருகே போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி சொல்லாமல் சுழலத் தொடங்கும்.

கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும். வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்

ஐயா, இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. குறியீடு பதிவான கணத்தில் வேகம் 0, ஆர்பிஎம் 790, கூலன்ட் 88. நீங்கள் சொன்னதுபோல ஐடிலில்தான்.

பிரேக் பூஸ்டர் குழாயை நசுக்கினேன், மாற்றம் இல்லை. பிசிவி குழாயை (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை ஒரு வால்வு வழியாக மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது) வால்வுக்குப் பக்கத்தில் நசுக்கினேன், அப்போதும் ஷார்ட் +6 தான். மற்ற மெல்லிய குழாய்களிலும் ஒன்றும் இல்லை. அப்படியானால் மேனிஃபோல்ட் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டாக இருக்குமோ? அதைக் கழற்றுவது என்னால் ஆகாது.

இரண்டாம் மறுமொழியாளர்

கேஸ்கெட்டுக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். பிசிவி குழாயை வால்வுப் பக்கம் நசுக்கினால், அந்த இடத்துக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள விரிசல் காற்றை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மேனிஃபோல்டை ஒட்டிய முனையில் நசுக்கிப் பாருங்கள். குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவியும் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. சூட்டில் இறுகிய ரப்பர் பெரும்பாலும் வளைவின் அடியில்தான் வெடிக்கும், மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

வேறொருவர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் காரில் காற்றளவு சென்சாரே இல்லை, மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் சென்சார்தான் இருக்கிறது. ஐடில் 1100க்குக் கீழே இறங்கவில்லை. டிரிம் இரண்டும் 3க்குள் இருப்பதால் காற்றுக் கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டாம் மறுமொழியாளர்

எடுத்துக்கொள்ள முடியாது, நல்ல வேளையாகக் கேட்டீர்கள். உங்கள் எஞ்சினில் கசிந்து புகும் காற்றும் மேனிஃபோல்ட் அழுத்தத்தை உயர்த்துகிறது. சென்சார் அதையும் அளந்துவிடுவதால் கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிவிடுகிறது. கலவை சரியாகவே இருக்கும், ஐடில் மட்டும் ஏறும். எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்தால், அந்தச் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல், உயரமான ஊரில் குறைவு. ஐடிலில் பல எஞ்சின்களில் 30 முதல் 45க்குள் நிற்கும். அதைவிடத் தெளிவாக மேலே நின்றால் கசிவைத் தேடுங்கள். காற்றின் வழியைத் திறந்து மூடும் திராட்டில் அழுக்கடைந்து முழுதாக மூடாமல் இருந்தாலும் ஐடில் ஏறும்.

கேட்டவர்

கிடைத்துவிட்டது! மேனிஃபோல்ட் முனையில் நசுக்கியவுடன் ஷார்ட் டெர்ம் +6இலிருந்து சரசரவென்று இறங்கி −14இல் நின்றது. லாங் இன்னும் +17 என்பதால் கூட்டினால் +3. அதிர்வும் அந்த நொடியே அடங்கியது. குழாயைக் கழற்றி வளைத்தபோது அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வாய் பிளந்தது. புதுக் குழாயும் இரண்டு கிளாம்ப்பும் போட்டுவிட்டேன். அந்தக் குழாயை மாற்றியது நான் என்பதையே இன்னும் நம்ப முடியவில்லை.

குறியீட்டை இப்போது அழிக்கலாமா?

இரண்டாம் மறுமொழியாளர்

மனம் நிறைந்தது. அழிக்கலாம். லாங் டெர்ம் டிரிம் பூஜ்யத்திலிருந்து மறுபடி கற்கத் தொடங்கும். கணினியின் தற்சோதனைகளும் அழிந்துவிடுவதால், புகைச் சான்றிதழ் எடுக்கும் நாள் நெருங்கியிருந்தால் சில நாள் ஓட்டிவிட்டுப் போங்கள். ஒரு வாரம் கழித்து, சூடான எஞ்சினில், ஐடிலிலும் 2500இலும் மீண்டும் அளவெடுத்து இங்கே எழுதுங்கள். இரண்டு இடத்திலும் கூட்டுத்தொகை 5க்குள் நின்றால் போதும்.

கேட்டவர்

எட்டு நாள் ஆயிற்று. ஐடிலில் ஷார்ட் −1, லாங் +3. 2500இல் ஷார்ட் 0, லாங் +2. விளக்கு எரியவில்லை. காற்றளவு சென்சார் பழையதேதான்.