ஸ்கேனருக்குத் தமிழ்ச் சொல்: வருடியா, துருவியா, அலைவலமா?

காட்பாடி ஆசிரியை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. அதில் ஓர் இயல், அமெரிக்காவில் மாநில அரசுகளின் இருவழி வானொலிப் பேச்சுகளைப் பொதுமக்கள் ஸ்கேனர் வைத்துக் கேட்பது பற்றியது. அங்கே நெடுஞ்சாலைக் காவல், சாலையில் பனி அள்ளும் வண்டிகள், வனத்துறை, பேரிடர் மேலாண்மை எனப் பல துறைகளும் மாநிலம் முழுக்க விரிந்த ஒரே அமைப்பில் பேசிக்கொள்கின்றன. மினசோட்டாவின் ஆர்மர், ஒஹாயோவின் மார்க்ஸ் இரண்டும் அப்படிப்பட்டவை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

'ஸ்கேனர்' வருமிடமெல்லாம் 'வருடி' என்று போட்டிருந்தேன். வகுப்பில் முதல் பத்தியை வாசித்ததும் ஒரு மாணவி, "மேடம், பேப்பரை எங்கே வைக்கணும்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அவள் பார்த்த வருடி ஜெராக்ஸ் கடையில் இருப்பது.

இந்தக் கருவி செய்வது வேறு. நினைவில் பதித்துவைத்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். பேச்சு இல்லையென்றால் அடுத்ததற்குப் போகும். பேச்சு இருந்தால் அங்கேயே நிற்கும். பேச்சு ஓய்ந்த பிறகும், மறுமுனையிலிருந்து பதில் வரலாம் என்று ஓரிரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் கிளம்பும். கடைசி அலைவரிசை முடிந்ததும் முதலாவதற்கே திரும்பும். இதற்கு ஒரு சொல் வேண்டும். வெற்று இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச், பலரும் அலைவரிசைகளைப் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் டிரங்கிங், தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு குழுவைக் குறிக்கும் டாக்குரூப், பேச்சைக் கவனித்துக் கேட்கும் மானிட்டரிங் நான்குக்கும் வேண்டும்.

குடியாத்தம் புலவர் எழுதியது:

வருடுதல் என்றால் மெல்லத் தடவுதல். படத்தின் மேல் ஒளி தடவிச் செல்லும் கருவிக்கு அது பொருந்தும். வானலையை யார் தடவுகிறார்கள்? இங்கே நமக்கு வேண்டிய வினை 'துருவு'. துருவித் துருவிப் பார்த்தான் என்கிறோமே, ஓர் இடம் விடாமல் பார்ப்பது அது. வேரைப் பாருங்கள். துர என்பதிலிருந்து துரப்பணம், தோண்டிய கிணறு ஆகிய துரவு ('தோட்டம் துரவு' என்கிறோம்), துருவல் எல்லாம் கிளைக்கின்றன. உள்ளே இறங்கித் தேடும் பொருள் அத்தனையிலும் ஓடுகிறது. கருவிப்பொருளில் இகர விகுதி சேர்ந்தால் மண்வெட்டி போலத் துருவி. ஆகவே 'அலைதுருவி'. துளை, தொளை, தோள் பற்றியும் எழுத இருக்கிறது, அடுத்த மடலில் விரிக்கிறேன்.

ஆரணியிலிருந்து:

> ஆகவே 'அலைதுருவி'

ஐயா, துருவி என்றதும் எங்கள் வீட்டில் தேங்காய்தான் நினைவுக்கு வரும். அது போகட்டும், 'துருவித் துருவி விசாரித்தார்கள்' என்றாலே ஸ்டேஷன் நினைப்பும் வருகிறது. கேட்பவர் குற்றம் தேடுகிறார் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. எளிமையாக 'அலைதேடி' போதாதா? அதுவும் வேண்டாமென்றால் ஸ்கேனர் என்றே விடலாம். வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழ் எழுத்தோடு சேர்த்துக்கொள்ளத் தொல்காப்பியரே எச்சவியலில் வழி சொல்லியிருக்கிறார். ஸ்கேன் சென்டர் இல்லாத ஊர் வேலூர் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? எல்லாருக்கும் தெரிந்த சொல்.

குடியாத்தம் புலவர்:

தம்பி, தெரிந்த சொல் என்பதற்காக விட்டிருந்தால் ரேடியோவும் பஸ்ஸும்தான் இருந்திருக்கும். வானொலியும் பேருந்தும் எழுத்தில் நிலைக்கவில்லையா? தொல்காப்பியர் சொன்னது வந்து சேர்ந்துவிட்ட சொல்லுக்கு. இல்லாத இடத்தில் எல்லாம் வரவழைக்கச் சொல்லவில்லை. மேலும், ஸ்கேன் சென்டர் இருப்பதால் தெரியும் என்கிறீர்கள். அந்த ஸ்கேன் வயிற்றைப் பார்ப்பது. பேப்பர் கேட்ட மாணவிக்கு அதனால் என்ன தெளிவு கிடைக்கும்?

ஆம்பூரிலிருந்து:

எல்லாருக்கும் சலாம், வணக்கம். நான் லைசென்ஸ் வாங்கிய ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவன். அதனால் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, 'தேடி' சரிப்படாது. ஸ்கேனரில் இரண்டு பொத்தான் உண்டு. ஒன்று ஸ்கேன், இன்னொன்று சர்ச். ஸ்கேன் என்பது நாம் முன்பே பதித்துவைத்த அலைவரிசைகளைச் சுற்றிவருவது. சர்ச் என்பது ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொடுத்துவிட்டு, இடையில் எங்கே யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் படிப்படியாக ஏறிப் பார்ப்பது. தேடல் என்ற சொல் இரண்டாவதற்குத்தான் பொருந்தும். அதை முதலாவதற்குக் கொடுத்துவிட்டால் இரண்டாவது பொத்தானுக்கு எங்கே போவது? பழைய காலத்துக் கருவிகளில் ஓர் அலைவரிசைக்கு ஒரு படிகம் வாங்கிச் செருக வேண்டும். அந்தக் கருவியில் தேடல் என்பதே கிடையாது. ஸ்கேன் மட்டும்தான். புலவர் ஐயாவின் துருவலும் சர்ச்சுக்கே நன்றாக உட்காரும்.

இரண்டாவது ஸ்குவெல்ச். 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் செட்டைத் திறந்துவைத்து, அந்தக் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள். 'ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டே இருக்கும். மெதுவாக வலப்பக்கம் திருப்பினால் ஓர் இடத்தில் சட்டென்று அமைதியாகும். அந்த விளிம்பிலேயே விட்டுவிட வேண்டும். இன்னும் திருப்பினால் ஏலகிரிக்கு அந்தப் பக்கமிருந்து மெலிதாக வரும் குரலும் சேர்ந்து அடைபட்டுவிடும். ஸ்கேனர் ஓர் அலைவரிசையில் நிற்பதா போவதா என்று முடிவெடுப்பதே இந்த அடைப்பு திறக்கிறதா என்பதை வைத்துத்தான். குமிழைத் திறந்தே வைத்தால் முதல் அலைவரிசையின் இரைச்சலிலேயே நின்றுவிடும். ஆகவே 'இரைச்சல்தடுப்பு' என்று வையுங்கள். 'அடக்கி' வேண்டாம், அது ஒலியைக் குறைக்கும் குமிழோடு குழம்பும்.

குடியாத்தம் புலவர்:

ஆம்பூர் அன்பர் விளக்கம் அருமை, வேறுபாட்டை ஏற்கிறேன். அப்படியானால் மறைந்தவற்றைக் கேட்கவல்லது என்று குறள் 587 எதைச் சொல்கிறது? 'மறைந்தவை கேட்கவற் றாகி' என்று ஒற்றைத்தானே? 'அலையொற்றி' என்றால் கேட்டலும் வந்துவிடும், பழமையும் வந்துவிடும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் காவல்துறை வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 'ஒற்றி' வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். வீட்டை ஒத்திக்கு விடுவது நினைவுக்கு வரும் என்பதற்காக அல்ல. ஒற்று என்பது எதிராளிக்குத் தெரியாமல் செய்வது. அமெரிக்காவில் இது திறந்த பழக்கம். 1986இல் வந்த மின்னணுத் தகவல்தொடர்புத் தனியுரிமைச் சட்டம் செல்பேசிப் பேச்சைக் கேட்பதைத் தடுத்தது. ஆனால் பொதுமக்களுக்கு எட்டும்படி மறைப்பில்லாமல் பேசப்படும் காவல், தீயணைப்பு அலைவரிசைகளைக் கேட்பதற்கு இடம் விட்டது. மறைக்க வேண்டியதை மறைகுறியாக்கம் செய்துகொள்கிறார்கள், அதை ஸ்கேனரால் கேட்க முடியாது. நியூயார்க், ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அவ்வளவுதான்.

இங்கே நிலைமையே வேறு. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அனுமதியின்றி இடைமறிப்பது குற்றம். மேடம் இந்த இயலின் முதல் பக்கத்திலேயே இதைப் போட வேண்டும். பையன்கள் ஆன்லைனில் ஒரு செட் வாங்கிக் காவல்துறை அலைவரிசையில் வைத்துவிட்டால் யார் பதில் சொல்வது?

சொல்லுக்கு வருகிறேன். இந்தக் கருவி செய்வது ரோந்து. தெரிந்த தெருக்கள், தெரிந்த வரிசை, சத்தம் கேட்டால் நின்று பார்த்துவிட்டு நகர்வது. 'அலைரோந்து' என்றால் கான்ஸ்டபிளுக்கும் புரியும், கல்லூரிப் பிள்ளைக்கும் புரியும்.

குடியாத்தம் புலவர்:

கருத்து பொருத்தம், சொல்தான் இடிக்கிறது. ரோந்து நம் சொல் அல்ல. ரகரம் மொழிக்கு முதலில் வராது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. போர்த்துக்கீசிய 'ரோந்தா' வழியா, ஆங்கில 'ரவுண்ட்' வழியா என்பதில் எனக்கு முன்னதே உறுதி. மழை பெய்யும் நள்ளிரவிலும் சோர்வில்லாமல் தெருச்சுற்றும் ஊர்காப்பாளர் மதுரைக்காஞ்சியில் இருக்க, கப்பலில் வந்த சொல் எதற்கு?

ஆரணியிலிருந்து:

போர்த்துக்கீசியர் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் ஐயா? கம்பெனிப் பட்டாளம் வேலூர்க் கோட்டையிலேயே இருந்தது. 'ரவுண்ட்ஸ் போனார்' என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

காட்பாடி ஆசிரியை:

இருவரும் மன்னிக்கவும், ரோந்து எந்தக் கப்பலில் வந்தது என்பதை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். ராணிப்பேட்டை சார் சொன்ன கருத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்கிறேன். மன்னர் மாறுவேடத்தில் தெருத்தெருவாகப் போய், மக்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு வருவதற்கு 'நகர்வலம்' என்றுதானே சொல்வோம்? அதே வார்ப்பில் 'அலைவலம்' என்றால் என்ன? ஸ்கேன் செய்வது அலைவலம் வருவது. சுற்றுவதும் இருக்கிறது, நின்று கேட்பதும் இருக்கிறது.

ஆம்பூரிலிருந்து:

டீச்சரம்மா, இது நன்றாக இருக்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. வலம் ஒரே திசையில்தான் போகும். ஸ்கேனரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் முதலாவதற்கே வந்து சேரும். நடுவில் ஏதாவது ஓர் அலைவரிசை தொந்தரவாக இருந்தால் அதைத் தாண்டிப் போகச் சொல்லும் பொத்தானும் உண்டு. சர்ச்சுக்குத் 'துருவல்' வைத்துவிடுங்கள், புலவர் ஐயாவின் சொல்லும் வீணாகாது.

குடியாத்தம் புலவர்:

அலைவலம் காதுக்கு இனிமை. ஆனால் அது செயலின் பெயர். கருவிக்கு என்ன செய்வீர்கள்? 'அலைவலமி' என்றால் இலக்கணம் சம்மதிக்காது, இகரம் வினையில்தான் சேர வேண்டும். அதோடு வலம் வடமொழி வலயத்திலிருந்து வந்ததென்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். வல் என்ற வலிமைப் பொருளில் வலக்கை, வலக்கை பக்கமாகச் சுற்றுவது வலம். வலவன் தேர்ப்பாகன். புறநானூற்றில் வலவன் ஏவா வான ஊர்தி வருகிறதே. ஆளில்லாமல் தானே சுற்றும் கருவிக்கு 'அலைவலவன்' என்றே வைத்தால் சங்கச் சொல் ஒன்று மீண்டும் புழங்குமே!

ஆரணியிலிருந்து:

> அலைவலவன்

ஐயா, அந்த வரி பாகன் இல்லாத ஊர்தியைச் சொல்கிறது. இங்கே கருவியையே பாகன் ஆக்கிவிட்டால் பொருள் தலைகீழாகிறது. கருவிக்கு 'அலைவலக் கருவி', சுருக்கமாக வேண்டுமென்றால் 'வலக்கருவி'. மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா, அதாவது ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாது என்று தொல்காப்பிய உரியியலில் படித்ததை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

டிரங்கிங் பற்றி யாரும் பேசவில்லையே? தண்டு, அடிமரம் என்று தயவுசெய்து போகாதீர்கள்.

காட்பாடி ஆசிரியை:

டிரங்கிங்கை வகுப்பில் நான் விளக்குவது இப்படி. காட்பாடி ஜங்ஷனில் ஒவ்வொரு கவுன்டருக்கும் தனித்தனி வரிசை நின்றால், ஒரு வரிசை நீளும், பக்கத்துக் கவுன்டர் சும்மா இருக்கும். எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, காலியாகும் கவுன்டருக்குப் போனால் யாரும் வீணாகக் காத்திருக்க மாட்டார்கள். மாநில வானொலி அமைப்பிலும் அலைவரிசைகள் பொதுவில் கிடக்கும். ஒருவர் பேசும் பொத்தானை அழுத்தியதும், கட்டுப்பாட்டு அலைவரிசை அவருடைய பேச்சுக்குழுவுக்கு அப்போது காலியாக உள்ள ஒன்றை ஒதுக்கும். அவர் பேசி முடித்ததும் அது பொதுவுக்குத் திரும்பிவிடும். சாதாரண ஸ்கேனர் இங்கே திண்டாடும். கேள்வி ஓர் அலைவரிசையில் வரும், பதில் இன்னொன்றில் போகும். டிரங்கிங் தெரிந்த ஸ்கேனர் கட்டுப்பாட்டு அலைவரிசையைப் படித்துப் பேச்சுக்குழுவைப் பின்தொடரும். புராஜெக்ட் 25 என்ற எண்ம (டிஜிட்டல்) வானொலித் தரத்தில் இயங்கும் மாநிலங்களில் அதற்கேற்ற ஸ்கேனரே வேண்டும். அந்தத் தரத்துக்கான வேலை 1989இலேயே தொடங்கிவிட்டது.

'பகிர் அலைவரிசை முறை' என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான். குட்டையான சொல் இருந்தால் கொடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

'பொது ஒதுக்கீடு' என்றால் வேலைவாய்ப்பு நினைப்பு வரும், அது வேண்டாம். பகிர் அலைவரிசை இருக்கட்டும். மானிட்டரிங் என்பதைக் 'கண்காணிப்பு' என்று போடாதீர்கள், அதிகாரம் இருப்பவர் செய்வது அது. 'ஒட்டுக்கேட்டல்' கூடவே கூடாது. 'உற்றுக்கேட்டல்' போதும்.

இன்னொன்று. இருவழி வானொலி என்று எழுதும்போது ஒரு முறையாவது 'மைக்' என்றும் 'வாக்கி டாக்கி' என்றும் சொல்லிவிடுங்கள். எங்கள் ஆட்கள் 'ஓப்பன் மைக்கில் சொன்னார்' என்றுதான் பேசுவார்கள். இருவழி வானொலி என்றால் எந்த ஏட்டுக்கும் உடனே புரியாது.

காட்பாடி ஆசிரியை:

நாளை காலை அச்சகம். இப்போதைக்கு இப்படிப் போகிறது: ஸ்கேன் செய்வது அலைவலம், கருவி அலைவலக் கருவி, சர்ச் துருவல், ஸ்குவெல்ச் இரைச்சல்தடுப்பு, மானிட்டரிங் உற்றுக்கேட்டல், டாக்குரூப் பேச்சுக்குழு. ஒவ்வோர் இயலிலும் முதல் முறை வரும்போது 'ஸ்கேனர் எனப்படும் அலைவலக் கருவி' என்று சேர்த்தே எழுதுகிறேன். சட்டம் பற்றிய பத்தி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. டிரங்கிங்குக்குப் பகிர் அலைவரிசை முறை, மனமில்லாமல்தான். ஆம்பூர் பாய், ராணிப்பேட்டை சார், ஆரணித் தம்பி மூவரும் சரி என்கிறார்கள்.

குடியாத்தம் புலவர்:

நால்வர் ஒருபக்கம் என்றால் அச்சுக்குப் போகட்டும். அலைவலம் செயலுக்கு ஏற்ற சொல், அதில் எனக்குக் குறையில்லை. 'அலைவலக் கருவி' சொல் அல்ல, விளக்கம். கருவி என்ற சொல்லை ஒட்டவைத்தால்தான் கருவி என்று தெரியும் என்றால் அது பாதி வேலை. என் மாற்றுக்கருத்தைப் பதிந்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்புக்குள் இகரம் ஏற்கும் ஒரு வினையைக் கண்டுபிடித்துத் தருகிறேன்.

ஆம்பூரிலிருந்து:

டீச்சரம்மா, அச்சுக்குப் போகுமுன் ஒரு திருத்தம். 'அலைவரிசையின் அகலம் 25 கிலோஹெர்ட்ஸ்' என்று வரைவில் இருக்கிறது. அமெரிக்காவில் 2013 தொடக்கத்திலிருந்து வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். பட்டைகளில் பெரும்பாலான உரிமதாரர்கள் 12.5க்கு மாறிவிட்டார்கள். அதை மாற்றிவிடுங்கள்.