பால் சீட்டில் நேற்றைய தேதி

கேரளாவில் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் சீட்டு அச்சடிக்கும் ஜாவா புரோகிராமைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். விடியும் முன்னாடியே அங்கே கேன்கள் வரிசைகட்டி நிற்கும். பால் ஊற்றிவிட்டு வந்த ஒரு அம்மா சீட்டை நீட்டினார்.

"தம்பி, இப்பத்தான் ஊத்துனேன், நேத்துத் தேதி போட்டிருக்குது பாருங்க."

மணி அதிகாலை 5:10. சீட்டில் நேரம் 11:40.

நம் நேரம் யூடிசியைவிட, அதாவது உலகப் பொது நேரத்தைவிட, ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 5:10இல் அதைக் கழித்தால் முந்தைய இரவு 11:40. புரோகிராம் முன்பு சொசைட்டி கம்ப்யூட்டரிலேயே ஓடியது, அதில் இந்திய நேரம் இருந்தது. பிறகு கிளவுட் சர்வருக்கு மாற்றினார்கள், அங்கே யூடிசி. 'லோக்கல்டேட்டைம்.நவ்' என்று வெறுமனே கூப்பிட்டால், ஓடுகிற மெஷினின் நேரத்தைத்தான் அது எடுக்கும். 5:30க்கு முன்னால் வருகிறவர்களின் பாலெல்லாம் ஒரு நாள் பின்னால் பதிவாகிக்கொண்டிருந்தது. புது பில் தொடங்கும் நாளில் ஊற்றிய பால், ஏற்கெனவே முடித்த பில்லுக்குள் போய் உட்காரும். மாடு வைத்துப் பிழைக்கிறவர்களின் காசு அது, சின்ன பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

'ஜோன்ட்டேட்டைம்.நவ்' என்று எழுதி, உள்ளே 'ஏசியா/கொல்கத்தா' என்ற ஜோன்ஐடியை, அதாவது நேர மண்டலத்தின் பெயரை, கொடுத்தோம். டேட்டாபேஸில் எந்த ஊர் நேரமும் சேராத 'இன்ஸ்டன்ட்' ஆகவே சேமித்து, அச்சடிக்கும்போது மட்டும் எழுத்தாக்கினோம்.

அப்புறம் ஃபார்மேட், அதாவது தேதியையும் நேரத்தையும் எப்படி எழுதுவது என்று சொல்லும் குறி. சின்ன எச் இரண்டு போட்டு, ஏஎம், பிஎம் காட்டும் 'ஏ' எழுத்தை விட்டிருந்தார்கள். காலை 5:10க்கும் மாலை 5:10க்கும் சீட்டில் வித்தியாசமே இல்லை. இரண்டு வேளையும் பால் எடுக்கிற இடத்தில் இது ஆகாது. பெரிய எச் போட்டால் 17:10 என்று வரும்தான், ஆனால் ஊர்க்காரர்களுக்குப் பன்னிரண்டு மணிக் கணக்கே பழக்கம். 'ஏ' சேர்த்தோம். வருடத்துக்குப் பெரிய ஒய் போடாதீர்கள். அது வாரக் கணக்கு வருடம், டிசம்பர் கடைசியில் அடுத்த வருடத்தைக் காட்டிவிடும்.

தேதியை எழுத்தாக்கும் ஒரே 'சிம்பிள்டேட்ஃபார்மேட்' ஆப்ஜெக்டைப் பல த்ரெட்கள், அதாவது புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள், பகிர்ந்துகொண்டிருந்ததையும் எடுத்தோம். ஒரே சமயத்தில் இரண்டு கவுண்டரில் சீட்டு போட்டால் அது தேதியைக் குழப்பும். 2014இல் ஜாவா 8உடன் வந்த 'டேட்டைம்ஃபார்மேட்டர்' அப்படிச் செய்யாது. ஜாவா 9 முதல், அதில் லொகேலை, அதாவது மொழி அமைப்பை, மட்டும் மாற்றினால் மாதப் பெயர் தமிழிலும் வரும், மலையாளத்திலும் வரும். ஃபார்மேட்டில் பெரிய எம் நான்கு வேண்டும்.

ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கம் தமிழும் தெலுங்கும் சேர்த்துச் சீட்டு அடிக்கிறவர்கள் இருந்தால், பிரிண்டரில் எழுத்து உடையாமல் எப்படி எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.