சிலோன்ல இருந்து வந்த குடும்பம், பூர்வீக ஊரு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பந்தலூர்_மழை:
எல்லாருக்கும் வணக்கம். நான் பந்தலூர் பக்கம் டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டுல பொறந்து வளந்தவன், இப்ப வேலை கோயம்புத்தூர்ல. தாத்தா குடும்பம் 1970கள்ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் எறங்கி மண்டபம் கேம்ப் வழியா வந்தவங்க, அதுவரைக்கும் கதை தெளிவா இருக்கு, அதுக்கு முன்னாடி யாரு எந்த ஊர்ல இருந்து சிலோன் போனாங்கன்னு கேட்டாதான் ஆளுக்கொன்னு சொல்றாங்க. பெரியப்பா முசிறிங்கிறாரு. அப்பாயி (அப்பாவோட அம்மா) "தொறையூருக்கு அந்தால"ன்னு கைய நீட்டுது, எந்தப் பக்கம்னு கேட்டா கூடலூர் ரோட்டக் காட்டுது 😄. தாத்தா பாஸ்போர்ட் இருக்கு, ஆனா ஓட்டுல ஒழுகின தண்ணி பட்டு ஊர் பேரு எழுதின எடத்துல மை ஊறிப்போச்சு, கடைசியில "பட்டி"ங்கிறது மட்டும் தெரியுது. திருச்சி ஜில்லாவுல பட்டிக்கா பஞ்சம்? இன்னொரு வம்பு, பேமிலிசர்ச்ங்கிற வம்சாவளி வெப்சைட்ல எங்க குடும்ப மரத்தைப் போட்டேன், யாரோ வந்து எங்க தாத்தாவையும் அவரோட பாட்டனையும் ஒரே ஆளுன்னு சேத்துவிட்டுட்டாங்க. யாராச்சும் வழி சொல்லுங்க.

லயத்து_அக்கா:
தம்பி, நாங்களும் சிலோன்ல பதுளைப் பக்கத்து ஆளுங்கதான், இப்ப கோத்தகிரி. மொதல்ல மரத்துச் சண்டைய முடிப்போம். அது எல்லாருக்கும் பொதுவான மரம், செத்தவங்க பேரை யாரு வேணா திருத்தலாம், அவங்க மேல கோவப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. நம்ம பக்கம் பாட்டன் பேரைத்தான் பேரனுக்கு வைக்கிறாங்க, அதனால ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பேரு திரும்பத் திரும்ப வரும், இனிஷியலைப் பாக்கத் தெரியாதவங்களுக்கு ரெண்டும் ஒரே ஆளாத்தான் தெரியும். சேத்ததைப் பிரிச்சுட்டு, ஒவ்வொருத்தருக்கும் பொண்டாட்டி பேரையும் சிலோன்ல வேலை செஞ்ச தோட்டத்து பேரையும் போட்டு வைங்க, அப்புறம் எவனும் தொட மாட்டான்.

அடுத்து, உங்க பெரியப்பா அங்க பொறந்தவருன்னா அவரோட பொறப்புச் சான்றிதழைத் தேடுங்க. 1948 குடியுரிமைச் சட்டத்துல அப்பன் அங்க பொறந்திருக்கணும், இல்ல தாத்தனும் பூட்டனும் அங்க பொறந்திருக்கணும்னு கேட்டாங்க பாருங்க, அதுலதான நம்ம சனம் நாடில்லாம நின்னுச்சு. அந்த வம்பாலயே அங்கத்த சான்றிதழ்ல தாத்தா வரைக்கும் விவரம் கேக்குற கட்டம் உண்டு. கெடுதல்ல ஒரு நல்லது. ஒரு விஷயம், தோட்டத்துக்கு நம்ம ஆளுங்க சொல்ற பேரு வேற, தொரை எழுதின இங்கிலீஷ் பேரு வேற. ரெண்டும் தெரியாம எழுதிப் போட்டா ஒண்ணும் கெடைக்காது, நான் ஒரு வருசம் அப்படித்தான் வீணாக்கினேன்.

ஹட்டிக்காரன்:
நான் படுகன், சிலோன் விவகாரம் தெரியாது, ஆனா ஒண்ணு சொல்றேன். 1901-02ல ரிவர்ஸ்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் நம்ம மலைக்கு வந்து தோடர் குடும்பம் குடும்பமா வம்சாவளி எழுதினாரு. செத்துப்போன சொந்தக்காரங்க பேரைச் சொல்லக் கூடாதுங்கிறது அவங்க வழக்கம், அதனால ஒரு வீட்டுக் கதைய அடுத்த வீட்டு ஆளுங்ககிட்ட கேட்டு வாங்கினாராம். உங்க அப்பாயி புருசன் பேரு, மாமனார் பேரெல்லாம் வாயத் தொறந்து சொல்லுவாங்களா? எங்க பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பாட்டி இன்னும் சொல்லாது. பங்காளிய விட்டுட்டு வெளி ஆளைக் கேளுங்க.

தொறையூர்_சைக்கிள்:
ப்ரோ நான் துறையூர்தான். பழைய திருச்சி ஜில்லாங்கிறது பெருசு, பெரம்பலூர் கரூரெல்லாம் 1995லதான் பிரிஞ்சுது, அதனால மேப்புல இன்னைக்கு திருச்சி மாவட்டத்துக்குள்ள மட்டும் தேடாதீங்க. ஊர் பேரை விடுங்க, குலதெய்வம் எது? சிலோனுக்குப் போனவங்க கோயில்ல பிடிமண் எடுத்துட்டுப் போயி தோட்டத்துலயே சாமி வச்சிருப்பாங்க, சாமி பேரு மாறாது. "அப்பாயி"ன்னு கூப்புடுறதே எங்க பக்கத்து வழக்கம்தான், மதுரைப் பக்கம்னா அப்பத்தாம்பாங்க. இது கொஞ்சம் ஜோசியம் மாதிரிதான், அதை மட்டும் நம்பி பஸ் ஏறிடாதீங்க 🙏 வீட்டுல பழைய மொய் நோட்டு இருந்தா பாருங்க.

பந்தலூர்_மழை:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ஹட்டிக்காரன் அண்ணே, நீங்க சொன்னது அச்சுப்பிசகாம அப்படியே! அப்பாயிகிட்ட அதோட மாமனார் பேரக் கேட்டா "பழனி மலையில நிக்கிறாருல்ல, அவரு பேரு"ங்குது. பழனியாண்டியா, தண்டபாணியா, முருகனா? நானும் வரிசையா சொல்லச் சொல்ல மூணுக்கும் சிரிச்சுட்டு தலைய ஆட்டுது. கடைசியில சேரம்பாடியில இருக்கிற, எங்களுக்கு ஒறவே இல்லாத ஒரு கிழவி, அதே தோட்டத்துல பக்கத்து லயத்துல (லைன் வீட்டுல) இருந்தவங்க, ஒரே மூச்சுல நாலு தலைமுறை சொல்லிட்டாங்க, அந்த மாமனார் கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பாருங்கிறது வரைக்கும்.

மொய் நோட்டும் கெடைச்சுது. பெரியப்பா கல்யாணத்து நோட்டு, மஞ்சள் தடவின ஓரம், கரையான் பாதி தின்னுருக்கு. எல்லாருக்கும் எஸ்டேட் பேருதான் போட்டிருக்கு, நடுவுல மூணு பேருக்கு மட்டும் ஒரே ஊரு, கடைசியில "பட்டி", ஆளுக்கு அஞ்சு ரூவா. கப்பல்ல எறங்குனதும் தாத்தா மொதல்ல போயி தங்கினது அவங்க வீட்டுலதானாம், பொழப்பு இல்லாம மலைக்கு ஏறிட்டாங்க. பெரியப்பா இதை இத்தனை வருசமா சொல்லவே இல்ல, கேட்டா "நீ ஊரத்தான கேட்ட, அவங்கள எங்க கேட்ட"ங்கிறாரு.

ஊர் பேரை இங்க போடல, அந்த மூணு வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியாம போட வேணாம்னு பாக்குறேன். மாசி சிவராத்திரிக்குப் போறோம், அப்பாயியும் வருது. தொறையூர் ப்ரோ, பஸ் ஸ்டாண்டுல இருந்து உள்ள போக வண்டி கெடைக்குமா? அதுக்கு மொழங்கால் வலி, நடக்காது.